நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி

என் மனைவி ஓடிய ஒரு பந்தயத்தைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் போகாமல் இருந்ததில்லை, போவேன். துப்பாக்கி வெடிக்கும் நேரம் வந்ததும் கேலரிக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். கால் பிசகிவிடுமோ, விழுவாளோ, விழுந்தால் பல் போகுமோ, பல் போனால் மாமனாருக்கு யார் பதில் சொல்வது என்று, அவள் ஓடி முடிப்பதற்குள் எனக்கு ஒரு ஆயுசுக்கான கவலை வந்து போய்விடும். கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் விஷயம் தெரிந்துகொள்வேன். சத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரே இடத்தில் உடைந்தால் ஓட்டம் நல்லபடி முடிந்தது. நடுவில் எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்தால் யாரோ விழுந்திருக்கிறார்கள். அந்த யாரோ அவளாக இல்லாதவரை எனக்குப் போதும்.

ஓடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் அவள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விளையாட்டு அணி வைத்திருந்தார்கள். பேருக்குத்தான் அவள் பேக்கிங் பிரிவு. வேலை என்னவோ காலையும் மாலையும் ஓடுவதும், ஊர் ஊராகப் போய்க் கம்பெனி பேர் போட்ட பனியனில் ஓடுவதும். அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடுகிற பெண் என்பதால் வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் போயிருந்தார்கள். நான் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றார்கள். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். பெருந்தன்மையான பையன் என்று அந்த வீட்டில் எனக்குப் பெயர் வந்துவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பரீட்சை என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷமும் முழுப் பரீட்சை அன்று காய்ச்சல் வந்ததால் பள்ளிக்கூடம் போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மாமா ஒருவரிடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டப் பழகி, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குக் கொஞ்சம் தள்ளி மாடம்பாக்கம் போகிற ரோட்டில் ஒரு கடை போட்டேன். கோடை வந்தால் போர்வெல்லில் தண்ணீர் இறங்கும், மோட்டார் காய்ந்து எரியும், எனக்கு வேலை வரும். அடுத்தவர் வீட்டில் தண்ணீர் வராததில் நமக்குச் சோறு என்று அதற்கும் ஒரு கவலை.

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், அவள் தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள். நாலு பேர் ஓடி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கட்டையை மாற்றுகிற ஓட்டம். அவளுக்குக் கட்டை கொடுக்கிற பெண் காமாலையில் படுத்துக்கொண்டதால் வீட்டில் பழக என்னை இழுத்துக்கொண்டாள். எங்கள் தெருவுக்கு அப்போது தார் கிடையாது. இரண்டு பக்கமும் கல் நட்ட காலி மனை, நடுவில் செம்மண். என் கையில் பூரிக்கட்டை.

"நான் திரும்பிப் பாக்க மாட்டேங்க. திரும்பினா வேகம் போயிடும். கிட்ட வந்ததும் நீங்க 'கை'ன்னு கத்தணும். கத்தினா என் கை பின்னாடி வரும். உள்ளங்கைல வெச்சு அழுத்தி, விட்டுடணும்."

"விட்டுட்டு?"

"நின்னுடணும்."

"நின்னுட்டா, நீ?"

"நான் போயிடுவேன். அதுக்குத்தானே ஓடறது."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டையை அவள் கையில் வைத்த பிறகும் எனக்கு அதை விட மனசு வராது. கீழே போட்டுவிடுவாளோ என்று ஒரு முனையைப் பிடித்தபடியே கூட ஓடுவேன். அவள் வேகத்துக்கு என்னால் ஓட முடியுமா? இரண்டு பேரும் தடுமாறி நிற்போம்.

"என்னங்க, கட்டைய குடுக்கறீங்களா, இல்ல என்னை பஸ் ஏத்தி விடறீங்களா?" என்பாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. "இன்னாமே, உன் வூட்டுக்காரு பூரிக்கட்டைய எட்த்துகினு உன்ன தொரத்திகினு வராரு? எல்லா வூட்லயும் இது தலகீயா இல்ல நடக்கும்" என்றது. அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பூரிக்கட்டை என்று பெயர். கடைசிவரை நான் அந்தப் பயிற்சியில் தேறவில்லை. காமாலைப் பெண் குணமாகி வந்ததும் எனக்கு விடுதலை கிடைத்தது.

அந்தப் பின்னால் கை நீட்டுகிற பழக்கம் மட்டும் அவளோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டு கையைப் பின்னால் நீட்டுவாள். அதில் கரண்டியோ உப்பு டப்பாவோ எது வேண்டும் என்று பார்த்து நான் வைக்க வேண்டும். காலையில் பஸ்ஸைப் பிடிக்க வாசலைத் தாண்டும்போது, முகம் ரோட்டைப் பார்த்தே இருக்கும், கை மட்டும் பின்னால் வரும். உள்ளங்கை மேலே பார்த்து, கட்டைவிரல் விரிந்து. டிபன் டப்பாவை வைப்பேன். போய்விடுவாள். டப்பா சரியாக மூடியிருந்ததா, குழம்பு கொட்டுமோ என்று அவள் திரும்பி வரும்வரை நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு தொடைச் சதை கிழிந்தது. பெண் பிறந்தாள். தொழிற்சாலையில் அணியைக் கலைத்துவிட்டு, நிஜமாகவே பேக்கிங் பிரிவில் உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலகிவிட்டாள். ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் காலையில் அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தன் பெண்ணைக் கொண்டுவந்து விடாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. அது பின்னால் ஓட்டாக மாறும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்தது. எங்கள் நகராட்சித் தலைவர் பதவியும் பெண்களுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வெள்ளை வேட்டியில் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் ஊரில் பெரிய புள்ளி. தலைவர் பதவிக்குத் தானே நிற்பதாக இருந்தவர், அது கைநழுவியதும் மனைவியை நிறுத்தப் பார்த்தார். அந்த அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பெரிய புள்ளிதான் பின்னால் துணைத் தலைவர் ஆனார். இப்போதிருந்தே அவரை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"சார், வீட்ல மேடத்த நிறுத்தலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிது" என்றார் துணைத் தலைவர்.

"அவங்களக் கேக்கணுமே."

"கேக்கறதுக்கு இன்னா சார் கீது? அவங்க கையெழுத்து போட்டா போதும். மத்ததெல்லாம் நீங்க, நானு, உக்காந்து பாத்துக்கலாம். உங்கள மாதிரி சாதுவான மனுஷன் இருந்தா ஒரு பேஜாரும் இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய பெயருக்கு ஓட்டு விழும், என்னுடைய தலை ஆடும் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அவள் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். வார்டு எத்தனை, தண்ணீர் லாரி எத்தனை ஓடுகிறது, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டாள். கேள்வி கேட்டது அவள். அவர் பதில் சொன்னது என்னைப் பார்த்து.

அவர்கள் போனதும், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு."

"அது எப்பவும் இருக்கறதுதானே. வேற ஏதாவது?"

யோசித்துப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை.

"அப்ப நிக்கறேன்" என்றாள்.

ஜெயித்தாள். ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு நான் போனேன், பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் ஏறி ஒரே இடத்தில் உடைந்தது.

அடுத்த நாளிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. சந்திப்பு முழுக்கச் சுவரொட்டி. அதில் முக்கால்வாசி இடத்தில் நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். என் பெண்ணின் காதுகுத்துக்கு எடுத்த போட்டோ, எங்கிருந்து பிடித்தார்களோ. மேலே மூலையில் தபால் தலை அளவுக்கு என் மனைவி. என் கடை ஷட்டரிலேயே இரண்டு ஒட்டியிருந்தார்கள். வாளியில் தண்ணீர் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நின்றவர்கள், "இன்னா சேர்மன் சார், சொந்த மூஞ்சிய நீங்களே கிழிக்கறீங்க" என்று சிரித்தார்கள். தெருவில் அவளை மேயரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊருக்கு ஏது மேயர், ஆனால் வாய்க்கு அது நன்றாக இருந்தது போலிருக்கிறது. பூரிக்கட்டையாக இருந்த நான் மேயர் சார் ஆனேன். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் கூடவே ஒரு கோரிக்கையும் கொண்டுவந்தார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள் என்றால், "அட, நீங்க தலையாட்டினா ஆவாதா சார்" என்பார்கள். எனக்குத் தலையை ஆட்டாமல் இருக்கத் தெரியாது. அதனால் கழுத்தில் வலி என்று சொல்லி ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை.

முதல் கூட்டத்துக்கு நாள் குறித்ததும் துணைத் தலைவர் கடைக்கே வந்தார். "சார், மேடம் சீட்டுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு சீட்டு போடச் சொல்லிட்டேன். மத்த லேடி மெம்பர்ங்களுக்கும் வீட்டுக்காரங்கதான் வராங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடந்துகினு கீது. நீங்க வரலன்னா மேடத்துக்குத்தான் சங்கடம். ஆம்பளைங்க சத்தம் போடுவாங்க, பாவம், தனியா இன்னா பண்ணுவாங்க?"

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாற்காலியில் நான் ஒரு தரம் உட்கார்ந்துவிட்டால் போதும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கும் அவள் கையெழுத்துப் போடுகிற ஆள்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உட்காராமல் வந்துவிட்டால்? அவளை அத்தனை பேர் நடுவில் தனியாக விட்டுவிட்டு ஓடிவந்தவன் ஆவேன். அதுவும் தெரிந்தது. அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாட்களில் அவள் பேச மாட்டாள். நகம் வெட்டுவாள், தண்ணீர் குடிப்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வாரமும் அப்படித்தான் இருந்தாள். அவள் வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வரச் சொல்வாளோ என்று பாதி பயம், சொல்ல மாட்டாளோ என்று மீதி.

கூட்டத்தன்று காலை, "ஸ்கூட்டர்ல கொண்டு விடுங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கூட்டத்தில் பேசவேண்டிய தாள்கள் வைத்த ஃபைல் ஸ்கூட்டர் முன்பெட்டியில் இருந்தது. அலுவலக வாசலில் அவள் இறங்கி, நடந்தாள். ஃபைலை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அது கையில் இருக்கிறது, போகாமல் எப்படி இருப்பது?

கூட்ட அறை வாசலிலிருந்து பார்த்தேன். துணைத் தலைவர் சொன்னபடியே செய்திருந்தார். நடுவில் பெரிய நாற்காலி, முதுகில் வெள்ளைத் துண்டு போட்டது. அதை ஒட்டி இன்னொன்று, அதற்கும் வெள்ளைத் துண்டு. கீழே உறுப்பினர்கள் வரிசை. பெண் உறுப்பினர்களின் இடங்களில் எல்லாம் அவரவர் வீட்டுக்காரர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயித்த பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்சுவர் ஓரம் பெஞ்சில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"வாங்க சார், வாங்க" என்று துணைத் தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார். வெள்ளைத் துண்டைத் தட்டிவிட்டு, "உக்காருங்க சார்" என்றார். எல்லோரும் எழுந்து எனக்கு வணக்கம் வைத்தார்கள். கழுத்துப் பட்டைக்கு மேல் என் தலை தானாக ஆட ஆரம்பித்தது. கால்கூட ஒரு அடி முன்னால் போயிற்று.

அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள், அந்தப் பெரிய நாற்காலியைப் பார்த்தபடி. திரும்பவில்லை. அவள் வலது கை மட்டும் பின்னால் வந்தது. உள்ளங்கை மேலே பார்த்து, கட்டைவிரல் விரிந்து.

ஃபைலைத்தான் கேட்டாள், எனக்குத் தெரியும். தினமும் டிபன் டப்பாவுக்கு நீட்டுகிற அதே கைதான். ஆனாலும் அந்தக் கையைப் பார்த்ததும் என் காலுக்கு மறந்து போயிருந்த ஒன்று ஞாபகம் வந்தது. எட்டி நடந்து ஃபைலை அதில் வைத்து அழுத்தினேன். விட்டேன். நின்றேன்.

அவள் போய்விட்டாள். மேடை ஏறி உட்கார்ந்தும்விட்டாள்.

"சார்?" என்றார் துணைத் தலைவர், துண்டில் கைவைத்தபடி.

"கடைல ஒரு மோட்டார் பிரிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன் சார். நான் வரேன்" என்றேன். என் குரல்தான். கடைசிவரை சொல்லி முடித்துவிட்டேன்.

நான் வாசலைத் தாண்டும்போது அவள் பேசுவது கேட்டது. மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரல், கத்தாமல் கடைசிவரை போகிறது. "பின்னாடி பெஞ்சுல இருக்கற உறுப்பினர்கள் எல்லாம் முன்னாடி அவங்கவங்க இடத்துக்கு வந்துடுங்க. வீட்டுக்காரங்களுக்கு எதிர்க்கடைல டீ சொல்லியிருக்கேன். ஆறிடப் போவுது, சீக்கிரம் போங்க. இந்த இன்னொரு நாற்காலிய அந்த நிக்கற அம்மாவுக்குப் போடுங்கப்பா."

நாற்காலிகள் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

எதிர்க்கடையில் நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். துவைத்துக் கஞ்சி போட்ட வேட்டிகள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேடவாக்கம் ரோட்டில் சிமெண்டுக் கடை வைத்திருந்தவர் என் பக்கத்தில் பெஞ்சு முனகும்படி உட்கார்ந்தார். அவர் மனைவி ஒரு வார்டு உறுப்பினர்.

"யோவ், உன்னாலதான்யா" என்றார். "நீ ஒய்ங்கா குந்திகினு இருந்தா எங்களையும் உட்டிருப்பாங்க. நீ பாட்டுக்கு மோட்டாரு கீட்டாருன்னு கெளம்பி வந்துட்ட."

"எனக்கு அங்க உக்கார பயமா இருந்திச்சுண்ணா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும்தான்யா" என்றார். "மைக்க குட்த்து பேசச் சொன்னா இன்னா பேசறதுன்னு காலைலேர்ந்து அதே ரோசனதான். வூட்ல என் சம்சாரம் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிகிது. எனக்குத்தான் ஒண்ணும் ஏறல."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப இன்னொரு டீ போடவா மெம்பர் சார்?"

"மெம்பரு உள்ள கீறாங்க. எனக்கு டீயப் போடு" என்றார் சிமெண்டுக் கடைக்காரர்.

நான் நகராட்சி அலுவலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. ஆண் குரல்கள் ஏறின. துணைத் தலைவர் குரல்தான் அதிகம். தண்ணீர் லாரி என்ற வார்த்தை திரும்பத் திரும்பக் கேட்டது. நடுவில் ஒரு தரம் எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்தது போல இருந்தது, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். உடனே அவள் குரல் ஏதோ சொன்னது. பெண்கள் சிரித்தார்கள். ஒன்றிரண்டு பேர் இல்லை, நிறையப் பேர். சிமெண்டுக் கடைக்காரர் தலையை நிமிர்த்தி, "அதுல என்னுது ஒண்ணு" என்றார், மனைவியின் சிரிப்பைக் கண்டுகொண்டு. விழுந்தது அவள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டீ ஆறிப் போயிருந்தது. அடிவரைக்கும் குடித்தேன். கழுத்துப் பட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவள் வெளியே வந்தபோது தலைமுடி கொஞ்சம் கலைந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தாள். கூட உறுப்பினர் அம்மாக்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு யாரும் வணக்கம் வைக்கவில்லை. நான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"லாரி விஷயம் என்னாச்சு?" என்றேன்.

"எந்தத் தெருவுக்கு என்னிக்கின்னு வெளிய போர்டுல எழுதிப் போடணும்னு முடிவாச்சு. துணைத் தலைவருக்குப் பிடிக்கல. சத்தம் போட்டாரு. அப்புறம் கை தூக்கச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் தூக்கிட்டாங்க, பாதி ஆம்பளைங்களும்."

சந்திப்பைத் தாண்டினோம். என் முகம் ஒட்டிய சுவரொட்டி ஒன்றை ஆடு தின்றுகொண்டிருந்தது. பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. அந்த வாரத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பசித்தது.

கொஞ்ச தூரம் போனபின், காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். "நீங்க 'கை'ன்னு கத்தவே இல்லியே."

"கத்தணும்னுதான் பாத்தேன். சத்தம் வரல."

"பரவால்ல," என்றாள். "நின்னுட்டீங்கல்ல."